மார்கிரட்டக்கா பேருக்கு விழுந்த கோடு

எங்கள் வாசல் படலைக்கு நேர் எதிரே பள்ளிக்கூடம். அதன் அரைச்சுவர் என் மார்பளவுதான். தேர்தல் என்றால் அங்கேதான் வாக்குச்சாவடி. ஆகவே குருநகரில் எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுகின தெருவில், யார் வாக்குப் போட்டார்கள், யார் போட்டுவிட்டுப் போடாததுபோல் முகத்தை வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் நடப்பதில்லை. சனம் இதை விடுப்புப் பார்ப்பது என்று சொல்லும். சொல்லிவிட்டு, செய்தி கேட்க என்னிடம்தான் வரும்.

யார் எந்தக் கட்சி என்பதும் எனக்குப் பாடம். கூட்டம் முடிந்து தொண்டை கட்டி வருகிறவர்கள் ஒரு பக்கம். கூட்டத்துக்கே போகாமல், அரசாங்கக் கட்சி மகனுக்கு எடுத்துக் கொடுத்த உத்தியோகக் கடிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருப்பவர்கள் மறுபக்கம். இரண்டிலும் அகப்படாத ஒரே ஆள் மார்கிரட்டக்கா. அவருடைய புருஷன் கனிசியஸ் அண்ணை முப்பது வருடம் ஒரே கட்சிக்குத் தொண்டை கட்டியவர். அந்த மனுசனுக்கே பெண்சாதியின் வாக்கு எங்கே போகிறதென்று தெரியாது.

எண்பத்துமூன்று வைகாசியில் மாநகரசபைத் தேர்தல் வந்தது. பகிஷ்கரிக்கச் சொல்லிச் சுவரெல்லாம் ஆயுதம் தூக்கிய இயக்கங்களின் நோட்டீஸ். எங்கள் ஒழுங்கையும் போவதில்லை என்று முடிவெடுத்தது; கனிசியஸ் அண்ணை உட்பட. பயம் பாதி, ரோஷம் பாதி. ரோஷம்தான் கூட என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

தேர்தலுக்கு முதல்நாள் அடைக்கலநாதன் குழாயடிக்கு வந்தான். மூன்றாவது வீட்டு வள்ளக்காரரின் மகன், நேற்றுவரை வலை இழுத்தவன், இப்போது இயக்கப் பெடியளோடு திரிகிறான்.

"நாளைக்குப் பின்னேரம் எல்லாற்றை சின்னவிரலையும் பாப்பம். மை இருந்தால் பேர் லைற்போஸ்ற்றிலை ஒட்டுப்படும்" என்றான்.

அந்த நாட்களில் லைற்போஸ்ற்றில் பேர் வருவது நல்லதுக்கல்ல; பேருக்குப் பின்னால் வெடி வரும். எல்லாரும் அவரவர் சின்னவிரலைப் பார்த்தோம். மார்கிரட்டக்கா மட்டும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார். நான் பின்னால் போனேன்.

"அக்கா, நீங்கள் போக நினைக்கிறியள். எனக்குத் தெரியும்."

"உனக்கு எதுதான் தெரியாது, இராசாத்தி?"

"ஒழுங்கை முழுக்கப் போறேல்லை எண்டு நிக்குது."

"நானும் ஒழுங்கையோடைதான். ஒருத்தருக்கும் போடமாட்டன். சீட்டிலை குறுக்காலை கீறிப் பழுதாக்கிப் போட்டு வருவன். ஆனால் என்ரை பேரிலை வேறை ஒருத்தி போட விடமாட்டன்."

விஷயம் எனக்கு விளங்கியது. இரண்டு வருடத்துக்கு முந்திய தேர்தலில் அவர் இறால் காயப்போட்டுவிட்டு மூன்று மணிக்குத்தான் சாவடிக்குப் போனார். "உங்கடை வாக்குப் போட்டாச்சு, அம்மா" என்றார்கள். வாக்காளர் இடாப்பில் அவருடைய பேருக்குக் கோடு விழுந்திருந்தது. காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர்போல அன்றைக்கு அவர் திரும்பி வந்ததை நான்தான் பார்த்தேன்.

புதன்கிழமை காலை ஏழு மணி. சாவடிக்காரர் மேசையைத் துடைத்து முடிக்கவில்லை, மார்கிரட்டக்கா கோயிலுக்குப் போகிற சேலையில் உள்ளே போனார். ஒளித்துப் போகவில்லை, நடுத் தெருவால் போனார். நான் அரைச்சுவரில் சாய்ந்து நின்றேன். பேரை வாசித்தார்கள். அவர் குனிந்து, இடாப்பில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் சின்னவிரலை நீட்டினார்.

வெளியே வந்தவரின் முகம் பூசையில் நன்மை வாங்கியவரின் முகம்.

ஒன்பது மணிக்கு, எங்கள் வேலிக்கு அந்தப்பக்கம் அவருடைய முற்றத்தில், பெரிய கிடாரம் அடுப்பில் ஏறியது. பனிச்சங்காய் இடித்துப் போட்டு வலைக்குச் சாயம் வைக்கத் தொடங்கினார். ஊர் முழுக்க நைலோனுக்கு மாறியும் கனிசியஸ் அண்ணை ஒரு பருத்தி வலையை விடாமல் வைத்திருந்தார். அந்தச் சாயம் பட்டால் கை ஒரு கிழமைக்குக் கறுப்புத்தான். நான் வாயைப் பிளந்தேன். இவ்வளவு யோசனை இந்த மனுசியின் தலைக்குள் இருந்திருக்கிறது, நானும் இத்தனை வருடம் அயலில் இருந்திருக்கிறேன்.

ஒரேயொரு பிழை. எங்கள் ஆட்கள் சாயம் வைப்பது சனிக்கிழமையில்தான். அன்று இரவு தொழிலுக்குப் போவதில்லை, ஞாயிறு பூசை, வலை காய நேரமிருக்கும். புதன்கிழமையில் சாயம் வைக்கிற வீடு குருநகரிலேயே இல்லை.

பின்னேரம் அடைக்கலநாதன் வந்தான். மார்கிரட்டக்கா இரண்டு கையையும் நீட்டினார், முழங்கைவரை கறுப்பு. அவன் விரலைப் பார்க்கவில்லை, கிடாரத்தைப் பார்த்தான். வலைக்காரனின் பிள்ளையல்லவா.

"இண்டைக்குப் புதனெல்லோ, மாமி?"

மார்கிரட்டக்கா குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினார். பொய் சொல்லப் பழகாத வாய். கனிசியஸ் அண்ணை வலையின் ஒரு முனையைப் பிடித்தபடி மரமாக நின்றார். அவன் வேலிக்கு இந்தப்பக்கம் நின்ற என்னிடம் திரும்பினான்.

"இராசாத்தி மாமி, நீங்கள் படலையிலைதானே நிண்டனீங்கள். உவ சாவடிக்குப் போனவவோ?"

என் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டது கிடையாது. நாக்கு நுனியில் வந்து நின்றது.

"எனக்குத் தெரியாது" என்றேன். சொல்லும்போது எனக்கே புதிதாக இருந்தது. "வலையிலை திருக்கை விழுந்து கிழிச்சுப்போட்டுது. தைச்ச புது நூலுக்குச் சாயம் வைக்காமல் சனிக்கிழமை மட்டும் பாத்துக்கொண்டிருக்கிறதோ? வள்ளம் ஓடுற உன்ரை கொப்பரைக் கேட்டுப்பார்."

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான், கிடாரத்தை ஒரு தரம் பார்த்தான். "உங்களுக்கே தெரியாட்டில் ஒருத்தருக்கும் தெரியாதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். நம்பினானா, நம்பினதாக நடித்தானா, அதை மட்டும் நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

அன்று முழுவதும் அந்தச் சாவடிக்குள் போனவர்கள் பதினொரு பேர். நான் சாப்பிடக்கூட வீட்டுக்குள் போகவில்லை. இரண்டு நாள் கழித்து, அங்கே வேலை செய்த கிளார்க் என் தங்கச்சியின் புருஷனிடம் சொன்ன கணக்கு: பெட்டிக்குள் நாற்பத்திரண்டு. பின்கதவு ஒன்று இருந்ததை நான் யோசிக்கவேயில்லை.

ஓடிப்போய் மார்கிரட்டக்காவிடம் சொன்னேன்.

"அதிலை உன்ரையும் ஒண்டாயிருக்கும்" என்றார், கறுத்த கையால் இறாலைப் புரட்டிக்கொண்டு.

"அடுத்த முறை வெள்ளெனப் போகேக்கை என்னையும் தட்டிக் கூப்பிடுங்கோ, அக்கா."

"கூப்பிடுறன்" என்றார். "நீயும் ஒரு வலை வாங்கி வை."