மிதவைதான் கோளாறு

ஆர்லீன் கறுப்புக் கவுனை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகிக்கொண்டு, பிக்கப் வண்டியின் சீட்டை முன்பக்கமாக மடக்கித் தள்ளினாள். பாட்டரிக் கம்பியை முதலிலேயே கழற்றியாயிற்று. பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிற பழைய வண்டி அது. ஒரு பொறி பறந்தால் புருஷன் மெர்லுக்குப் பக்கத்தில் அவளுக்கும் குழி தோண்ட வேண்டியதுதான்.

"அம்மா, வந்தவங்க எல்லாரும் பாக்குறாங்க. வெளிய வாம்மா," என்றான் ராட்னி. ஒரே மகன். ஒமாஹா நகரத்திலிருந்து நல்ல கோட்டு போட்டு வந்திருந்தான்.

"பாக்கட்டும். பாத்தா எனக்கென்ன, காசா பணமா?"

கொட்டகை வாசலில் சவ வண்டி நின்றது. அதற்குள் பெட்டியில் மெர்ல். சர்ச்சில் ஜெபம் முடிந்துவிட்டது. இனிமேல் மணல்மேடுகளுக்கு அப்பால் அவருடைய அப்பா அம்மா கிடக்கும் கல்லறைக்குப் போக வேண்டும். நாற்பது மைல், வழியில் ஒரு பங்க் கிடையாது. 'என்னை என் வண்டியில கொண்டுபோங்க' என்று மெர்ல் ஆஸ்பத்திரியில் கேட்டபோது ராட்னி தலையை ஆட்டினான். இப்போது மாட்டேன் என்கிறான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மெர்ல் போன வருடம் கேபினுக்குள் துரு தின்ற இடமெல்லாம் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, புதுப் பாய் விரித்தார். பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து பெட்ரோல் முள் மட்டும் 'ஃபுல்'லைத் தாண்டிப் போய்ப் படுத்துக்கொண்டது. டேங்கில் சொட்டு இல்லாவிட்டாலும் ஃபுல்தான். நிறைய ஊற்றிவிட்டுப் போகலாமென்றால், பாதிக்கு மேல் போனால் மூடியோரம் கசியும், கேபினில் மூச்சு விட முடியாது.

"குச்சியை விட்டு அளந்ததை நம்பிப் போயி நடுரோட்டுல நின்னுச்சுன்னா, அப்பாவைப் பின்னால வச்சுக்கிட்டு நான் கேனைத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா? ஊரே சிரிக்கும்மா."

"முள்ளு வேலை செஞ்சா?"

"பாஸ்டர் காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள செய்யட்டும். இல்லேன்னா அப்பா இந்தச் சவ வண்டியிலதான் போறாரு. அதுக்கு மேல பேச்சில்ல."

"சரி. அந்த டார்ச்சைக் கொடுத்துட்டுப் போ."

கோளாறு என்னவென்று பக்கத்துப் பண்ணை டெல்பர்ட் எப்போதோ சொல்லியாயிற்று. அதுதான் வினையே. நாற்பது வருடச் சிநேகிதம். ஒருத்தர் சொல்லி மற்றவர் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. காபிக் கடையில் அத்தனை பேர் முன்னாலும் டெல்பர்ட் சொன்னார்: "எர்த் வயர்டா. டேங்க்கோட எர்த்தை நீ பட்டி வச்ச இடத்துல முறுக்கியிருக்க. பட்டி மேல கரண்டு எப்படிடா ஓடும்? இரும்புக்கு மாத்து."

மெர்லுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, டேங்க்குக்குள் இருந்து முள்ளை நகர்த்தும் மிதவையைப் புதிதாக வாங்கி மாற்றினார். முள் அசையவில்லை. இன்னொன்று வாங்கினார். அதுவும் அப்படியே. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொட்டகையில் கிடந்துவிட்டு வந்து, கை கழுவிக்கொண்டே, "எர்த் இல்ல, பாத்துட்டேன்," என்றார். காபிக் கடையிலும் அதையே அடித்துச் சொன்னார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஆர்லீன் பாயைத் தூக்கினாள். டேங்க்கிலிருந்து வந்த கறுப்பு வயர் தரையில் ஒரு ஸ்க்ரூவில் முடிந்தது. கழற்றினாள். மரையெல்லாம் சாம்பல் நிறத்துப் பட்டித் தூள்.

"டெல்பர்ட் சொன்னதுதான் சரி," என்று முணுமுணுத்தாள். சொல்லவே கசந்தது.

சுரண்டுவதற்கு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு, நல்ல இரும்பாக ஒரு இடம் தேடி டார்ச்சை அடித்தாள். கேபினின் பின்பக்கத் தூணின் அடியில் ஏதோ மின்னியது. குனிந்தாள்.

அங்கே பெயின்ட் ஏற்கெனவே சுரண்டியிருந்தது. காசு அளவுக்கு வட்டமாய், வெள்ளை வெளேரென்று இரும்பு. துரு ஏறாமலிருக்க மேலே கிரீஸ். நடுவில் ஓட்டை போட்டு, புது ஸ்க்ரூவைப் பாதி மட்டும் முறுக்கி விட்டிருந்தது. வயரைச் சுற்றி இறுக்குவதுதான் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை.

"அடப் பாவி மனுசா!" என்றாள் ஆர்லீன். "எல்லாம் தெரிஞ்சிருக்கு உனக்கு!"

சிரிப்பு வந்தது. அப்படி வந்த சிரிப்பு பாதியில் திரும்பி அழுகையாகி, டேங்க்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் அழவில்லை, சர்ச்சில் அழவில்லை. முள் சரியாகியிருந்தால் டெல்பர்ட் ஜெயித்திருப்பார். அதற்காக ஒரு வருடம் டேங்க்குக்குள் குச்சியை விட்டு அளந்துகொண்டே வண்டி ஓட்டியிருக்கிறார் இந்த மனுசன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு வயரை இழுத்தாள். எட்டியது. ஸ்க்ரூவில் சுற்றி, கை வலிக்க இறுக்கினாள். இறங்கிப் போய்ப் பாட்டரியை மாட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பினாள். முள் ஒரு துள்ளு துள்ளி, மெதுவாக இறங்கி, பாதிக்குச் சற்று முன்னால் நின்றது. போய்வரத் தாராளம்.

"ராட்னி! வந்து பாரு. பாத்துட்டு உங்கப்பாவை இறக்கு."

ராட்னி எட்டிப் பார்த்தான். கோட்டைக் கழற்றினான்.

அவனுக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு டெல்பர்ட் நின்றார். பெட்டி தூக்க வந்தவர். கண்கள் நேராக முள்ளுக்குப் போயின.

"ஏம்மா ஆர்லீன், எர்த்துதானே?"

ஆர்லீன் கவுனை இறக்கிவிட்டுக்கொண்டாள். நிமிர்ந்து நின்றாள்.

"இல்ல. மிதவை. சிக்கிக்கிட்டிருந்துச்சு, ஒரு தட்டு தட்டினேன்."

டெல்பர்ட்டின் பார்வை அவள் கறுத்த விரல்களுக்கு வந்தது. பிறகு கதவோரம் தரையில் கிடந்த பழைய ஸ்க்ரூவுக்கு. குனிந்து எடுத்தார். மரையில் இருந்த தூளைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"எர்த் இல்லேன்னு மெர்ல் அப்பவே சொன்னார்," என்றாள் ஆர்லீன். குரல் ஏறியது. "பாத்துட்டுத்தான் சொன்னார்."

"சொன்னான்," என்றார் டெல்பர்ட். "நான்தான் கேக்கல."

அவர் ஸ்க்ரூவைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியின் தலைமாட்டைப் பிடித்தார். ராட்னி கால்மாட்டை. இன்னும் நாலு பேர் சேர்ந்து தூக்க, பெட்டி பிக்கப்பின் பின்னால் ஏறியது. ஆர்லீன் யாரிடமும் சாவியைக் கொடுக்கவில்லை.

கல்லறையில் காற்று பலமாக அடித்தது. பாஸ்டர் முடித்ததும் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டார்கள். டெல்பர்ட்டின் முறை வந்தபோது மண்ணோடு சேர்ந்து சின்னதாக ஏதோ பெட்டி மேல் விழுந்து, 'டிங்'கென்று சத்தம் கேட்டது.

ராட்னி திரும்பிப் பார்த்தான். ஆர்லீன் பார்க்கவில்லை. குனிந்து தன் கை நிறைய மண் அள்ளி, அந்தச் சத்தம் கேட்ட இடத்தின் மேலேயே போட்டாள்.