காசி பறந்து போன ரயில்

ஆம்பூரில் விமானம் ஏறுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. தோல் முதலாளிகள் இத்தாலிக்குப் போய்வருவதை, நாம் வாலாஜாபேட்டைக்குப் போய்வருவதைப் போலத்தான் சொல்வார்கள். ஆனால் ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூம் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர் முதல் தடவையாக விமானம் ஏறப்போகிறார் என்றால் அது வேறு சங்கதி. அது அவருடைய சொந்த விஷயமாக இருக்காது. தெருவே பங்கு கேட்கும்.

டெல்லிக் காலணிக் கண்காட்சிக்கு விமானத்தில் அனுப்புவதாகக் கம்பெனி சொன்னதும், காசி செய்த முதல் வேலை, யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தது. இரண்டாவது வேலை, அதை டீக்கடையில் சொன்னது. வீட்டுக்கு வந்து மனைவி அம்பிகாவிடம் சொன்னபோது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அம்பிகாவுக்கு வேறொரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு தையல் விலகியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். அந்த செக்‌ஷனில் அவளைப் போல நாற்பது பெண்கள். நாற்பது பேருக்கும் அவள் ஆளுக்கொரு மைசூர்பாக்கு கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். புருஷனுக்குப் புதுச் சட்டை எடுத்தாள். பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஜன்னலாண்ட உக்காந்து மேகத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. மேல இருந்து பாத்தா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியணும்."

மூன்று நாள் கழித்து முக்தார் அகமது சாம்பிள் ரூமுக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்க வரும் பையர்களோடு பேசுவது அவர் வேலை. காசியோடு டெல்லிக்குப் போகப்போகிறவரும் அவர்தான்.

"காசிண்ணே, ஃபிளைட் இல்ல. ரயில்ல போறோம்."

"இன்னா பாய் இது, ஏன்?"

"ஜெர்மனி பையரு கேட்டிருக்கான். ஒரு ஷூ செய்ய எவ்ளோ புகை, அத விக்கப் போறதுக்கு எவ்ளோ புகை, எல்லாத்தையும் எழுதிக் குடுன்னு. ஃபிளைட்ல போனா ஜாஸ்தி. ரயில்ல ரொம்பக் கம்மி. இனிமே உள்ளூர்ப் பயணம் பூரா ரயிலுதான்னு முதலாளி கையெழுத்துப் போட்டுட்டாரு."

பாலாற்றங்கரையில் இத்தனை வருஷமாகத் தோல் தொழிற்சாலைகள் செய்ததற்கெல்லாம் பரிகாரமாக, உலகம் போயும் போயும் தன்னுடைய ஒரே ஒரு விமானத்தைக் கேட்கிறதே என்று காசிக்குத் தோன்றியது.

"நான் பீடி கூடக் குடிக்காத ஆளு பாய். என்னால இன்னா புகை வந்துடப் போவுது?"

"அதான்ணே, அந்த நல்ல பேர ஏன் கெடுத்துக்கணும்?"

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்றுதான் காசி கிளம்பினார். ஆனால் வீட்டில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அம்பிகாவின் தம்பி பெருமாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். துபாய்க்கு ஒருமுறை போய் ஒருமுறை திரும்பி வந்தவன். ஆகமொத்தம் இரண்டு விமானம் பார்த்தவன். சுற்றிலும் அக்கம்பக்கத்தார்.

"மாமா, பெல்ட்டு போடாதீங்க. செக்கிங்ல கழட்டச் சொல்வான், பேஜார். சோறு கீறு கட்டிக்கினு போவாதீங்க. உள்ள அவனே குடுப்பான். ஸ்வெட்டர் மட்டும் மறக்காதீங்க. மேல செம குளிரு."

அம்பிகா புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். காசி வாயைத் திறந்தார். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்ததோ, "ஸ்வெட்டர் யாரு கிட்ட இருக்கு?" என்பதுதான்.

குறித்த நாள் காலையில் கம்பெனி வேன் வந்தது. தெரு மொத்தமும் கையசைத்துச் சென்னை விமான நிலையத்துக்கு வழியனுப்பி வைத்தது. வேன் காட்பாடி ஸ்டேஷனில் இறக்கிவிட்டது. வேலூர் வெயிலில், இரவல் ஸ்வெட்டரோடு, பெல்ட் இல்லாத பேன்ட்டை ஒரு கையால் பிடித்தபடி, டெல்லி வரைக்கும் ஒரு பிடிச் சோறு இல்லாமல் காசி ரயிலேறினார். தோல் ஊரிலிருந்து இடுப்பில் ஒரு துண்டுத் தோல்கூட இல்லாமல் கிளம்பிய முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும்.

முக்தாரின் மனைவி ஹுமேரா கட்டிக்கொடுத்திருந்த பிரியாணி இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். அதைச் சாப்பிட்டுவிட்டு முக்தார், சாம்பிள் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுக் காலை நீட்டிப் படுத்தார். பெட்டியில் இருபத்துநாலு ஷூ, இருபத்துநாலும் வலது கால். பையருக்குக் காட்ட ஒற்றைக் கால் போதும் என்பது தொழிலில் வழக்கம். திருடிக்கொண்டு போகிறவன் இருபத்துநாலு வலது காலை வைத்துக்கொண்டு எங்கே போவான்? அதனால் முக்தார் சொந்த வீட்டில் தூங்குவது போலத் தூங்கினார்.

காசி முதலில் முறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தார். ரயிலின் மேல் கோபமாக இருக்கவேண்டும் என்று தீர்மானித்திருந்தார். கூடூர் தாண்டியதும் நெல் வயல் வந்தது. கோபத்தோடு வயலைப் பார்ப்பது சிரமமாக இருந்தது. பிறகு எருமைகள் வந்தன. பிறகு, அவரே அறியாமல் கண் சொருகியது. இருபது வருஷமாக மணியடித்தால் எழுந்து மணியடித்தால் சாப்பிட்ட மனிதர் பட்டப்பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்கினார். யாரும் எழுப்பவில்லை. எந்த லெதர் துண்டும் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

விழித்தபோது முக்தார் டீ வாங்கி வைத்திருந்தார். "ஃபிளைட்ல இப்டி கால நீட்ட முடியுமாண்ணே?"

"போயிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார் காசி. ஆனாலும் காலை மடக்கவில்லை.

அப்போதுதான் மேகம் ஞாபகத்துக்கு வந்தது. கணக்குப்படி விமானம் டெல்லியில் இறங்கிவிட்ட நேரம். காசி ஜன்னலோரம் சாய்ந்து, கைப்பேசியை வானத்தைப் பார்த்துத் தூக்கி, பஞ்சு மாதிரி இருந்த ஒரு மேகத்தைப் பிடித்தார். கீழே தெரிந்த பனைமரத் தலையை வெட்டி எடுத்தார். 'இறங்கிட்டேன்' என்று எழுதி அனுப்பிவைத்தார்.

வழியனுப்ப லீவு போட்டிருந்த அம்பிகாவிடமிருந்து உடனே பதில் வந்தது. ஒரு இதயம், இரண்டு கைகூப்பல். காசிக்கு நெஞ்சில் என்னவோ உறுத்தியது. பிரியாணி என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அம்பிகா கூப்பிட்டாள்.

"இன்னாங்க, லாட்ஜிக்குப் போய்ட்டீங்களா?"

"ஆங், ரூம்லதான் இருக்கேன்."

"இன்னா அது, டொமேட்டோ சூப்புன்னு யாரோ கத்துறான்?"

"ரூம் சர்வீஸு."

"கொழந்த அழுவுது?"

"பக்கத்து ரூமு."

"கட கட கடன்னு கேக்குதே சத்தம்?"

"லாட்ஜு ஸ்டேஷனுக்குப் பக்கத்துல அம்பிகா. ரயிலு போய்க்கினே இருக்கு" என்றார் காசி. அன்றைக்கு அவர் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் சுத்தமான உண்மை.

முக்தார் எதிர்சீட்டில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார்.

"சிரிக்காதீங்க பாய். இது உங்க புகையால வந்த வினை."

"சொல்லிடுங்கண்ணே. இன்னா ஆவப்போவுது?"

"நாப்பது பேருக்கு இனிப்பு குடுத்திருக்கா. இப்ப இல்லன்னு போய் நின்னா அவளுக்கு எப்டி இருக்கும்? எம் மூஞ்சி போனா போவட்டும், அவ மூஞ்சி சுண்டிப் போவக்கூடாது."

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, செக்கிங் செக்‌ஷனின் டீ இடைவேளையில், அம்பிகாவிடமிருந்து செய்தி வந்தது.

'மேகத்துக்கு நடுவுல கரண்ட்டு கம்பி போவுது. யார் வீட்டுக்குக் கனெக்‌ஷன்?'

காசி படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தார். ரயிலுக்கு மேலே ஓடும் மின்கம்பி, மேகத்தின் வயிற்றில் நேராகத் தையல் போட்ட மாதிரி ஓடியது. அம்பிகா ஆசையில் சரியாகப் பார்க்காமலேயே செக்‌ஷன் குரூப்புக்கு அனுப்பியிருக்கிறாள். ஒரு தையல் விலகினாலே கண்டுபிடிக்கிற நாற்பது பேர், எண்பது கண்! ஊரில் வேறு யாருக்கு அனுப்பியிருந்தாலும் தப்பித்திருக்கலாம்.

அவர் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். மணி மட்டும் அடித்தது. முக்தார் வாங்கிக்கொடுத்த இட்லியை அப்படியே வைத்துவிட்டார். வெளியே மலை வந்தது, தேக்கங்காடு வந்தது, சுரங்கப்பாதை வந்தது. வேறொரு நாளாக இருந்தால் வாயைப் பிளந்து பார்த்திருப்பார்.

"கோவத்துல இருப்பா. எடுக்க மாட்டா பாய்."

"வேலை நேரத்துல ஃபோனு லாக்கர்லண்ணே. நம்ம கம்பெனிலயும் அதானே ரூலு?"

காசிக்கு அது மறந்தே போயிருந்தது. இருந்தாலும் ஆறுதலாக இல்லை. மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் வரைக்கும், இரண்டேகால் மணி நேரம், ஏ.சி. பெட்டியில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவளே கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"லா..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. "ரயில்ல."

"அது தெரியும். எந்த ஊருன்னு கேட்டேன்."

"இட்டார்சி தாண்டியாச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மேகம் வேணும்னு ஆசையா கேட்ட. புதுச் சட்ட எடுத்த. ஊரெல்லாம் சொல்லிட்ட..."

"நான் இன்னா மேகத்தையா கட்டிக்கினேன்?" அவள் குரல் லேசாக உடைந்தது. "பக்கத்து சீட்டு மேகலா அந்தக் கம்பிய காட்டினதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாளுங்க. எனக்குச் சிரிப்பே வரல. அய்யோ, ஃபிளைட்ல குடுப்பான்னு வெறுங்கையா அனுப்பிட்டோமே, ரெண்டு நாளு இந்த ஆளு இன்னா சாப்டுவாருன்னுதான் வந்துச்சு. ரயிலுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா புளிசோறு கட்டிக் குடுத்திருக்க மாட்டேனா?"

காசி எதிர்பார்த்து வைத்திருந்த திட்டு எதிலும் இது இல்லை.

"முக்தார் பாய் வீட்டு பிரியாணி சாப்ட்டேன்."

"அது நேத்து. இன்னிக்கு?"

"இட்லி இருக்கு. இப்பத்தான் சாப்டப் போறேன்." உண்மையிலேயே இப்போது பசித்தது. "பெருமாளுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவன் மட்டும் இன்னா கிழிச்சான்? ரெண்டு தபாவும் நடு சீட்டாம். மேகத்தையே பாக்கலியாம்."

திடீரென்று ரயிலின் ஓசை மாறியது. இரும்பு அதிர்ந்தது.

"இன்னா சத்தம் அது? மறுபடியும் லாட்ஜா?"

"பாலம். நர்மதா ஆறு."

"நம்ம பாலாறு மாதிரியா?"

காசி எட்டிப் பார்த்தார். "இல்ல அம்பிகா. இதுல தண்ணி இருக்கு."

மறுமுனையில் வேறு ஒரு குரல், "அடியே, தண்ணி இருக்குதாமாடி!" என்றது. அதற்குப் பின்னால் இன்னும் பல குரல்கள்.

"ஸ்பீக்கர்லயா போட்டிருக்க?"

"லஞ்ச் டைமு. எல்லாரும் வட்டமா உக்காந்து கேட்டுக்கினுதான் இருக்கோம். பேச்ச மாத்தாதீங்க. எவ்ளோ தண்ணி?"

பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஃபோனோடு காசி கதவோரம் போய் நின்றார். மொத்த மானமும் போன பிறகு மனுஷனுக்கு எவ்வளவு இலகுவாக இருக்கிறது!

"இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரை வரைக்கும். நடுவுல ஒரு படகு போவுது."

"மேகலா கேக்குறா, யாராச்சும் குளிக்கிறாங்களான்னு."

"தூரத்துல படிக்கட்டு தெரியுது. கூட்டமா குளிக்கிறாங்க. கலர் கலரா சேல காயுது."

"அப்புறம்?"

"ஒரு வெள்ளக் கொக்கு பாலத்துக்குக் கீழாலயே வருது. இரு, பாலம் முடியப் போவுது."

"அதுக்குள்ளயா?" என்றாள் அம்பிகா. "கொஞ்சம் மெதுவா போவச் சொல்லுங்க."