சும்மா என்கிற பத்தாவது பாட்டு

என் அக்காவுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் சிட்டு. பத்தொன்பது வயதில் அவள் பாடிய முதல் பாட்டில் குரல் அவ்வளவு உயரத்துக்குப் போய் நின்றதாம். வானொலியில் யாரோ ஒரு அறிவிப்பாளர் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அதுவே ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்கு அறுபத்தொரு வயது. முட்டி வலி, மூச்சு வாங்கல், மூக்குக் கண்ணாடி எல்லாம் வந்தாயிற்று, ஆனாலும் சிட்டுதான். நான் ஒன்பது வயது இளையவள். முப்பது வருடமாக அவள் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்கிறவள். என்னை யாரும் எந்தப் பறவையின் பெயராலும் அழைத்ததில்லை. பிழைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் குரல் திரும்பி வந்தபோது அது பழைய குரலாக இல்லை. மேலே போகிற ஸ்வரங்களைக் காணோம். சுருதி நாலு கட்டை கீழே இறங்கி, தடித்து, நடுவில் ஓரிடத்தில் பொத்தென்று உடைந்தது. இது டாக்டரையும் எங்கள் வீட்டில் நாலு பேரையும் தவிர யாருக்கும் தெரியாது.

"கட்டைக்குரல்னு சொல்லிடுவாங்கடி," என்றாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு ஆல்பம் போடலாம் என்று கம்பெனி கேட்டபோது ஒப்புக்கொண்டாள். கூடவே ஒரு குண்டையும் போட்டாள். "இதுல என் குரல் போச்சுன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சாலும் அதோட சரி. அப்புறம் மைக் இருக்கிற பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்." சொன்னால் செய்கிறவள். பாடாத அக்காவோடு ஒரு வாரம்கூட இருக்க முடியாது. ஆபரேஷன் ஆன வருடம் பார்த்துவிட்டேன். வீட்டிலிருந்த பாத்திரங்களுக்கெல்லாம் திட்டு விழுந்தது.

ஆகவே குரலை ஒளித்து வைப்பதுதான் எங்கள் வேலை என்றாயிற்று. வீட்டுக்கு உள்ளேயே ஸ்டூடியோ. மாடியறையில் அக்காவின் மகள், கம்ப்யூட்டரும் கீபோர்டும் கலர் கலராக வயர்களுமாக உட்கார்ந்திருப்பாள். கீழே, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறையில் என் வீட்டுக்காரர் கிட்டாரோடு இருப்பார். அவர் அக்காவின் குழுவில் வாசித்தவர். என்னைக் கட்டி இருபத்தெட்டு வருடம் ஆகியும் அவளை "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். ஐந்து பாட்டு மாடியில், ஐந்து பாட்டு கீழே என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரே பாட்டில் இருவரும் சேரவே மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"சித்தப்பா வாசிச்சா எனக்குக் கொட்டாவி வருது, சித்தி."

"அவ மிஷினைப் போட்டா எனக்குப் பல்லு வலிக்குது. சொல்லிவை."

நடுவில் நான். மாடிப் பாட்டுகளில் அக்காவின் குரலை மிஷின் பிடித்து இழுத்து ஸ்வரத்தில் நிறுத்தியது. கீழ்ப் பாட்டுகளில் நான் எதிரொலியைக் கொட்டி மூடினேன். உள்ளதைச் சொல்கிறேனே, ஆல்பம் மேடும் பள்ளமுமாக இருந்தது. முதல் பாட்டு நன்றாக வந்தது. இரண்டாவதுக்குக் கால் தானாக ஆடும். மூன்றாவதைக் கேட்டால் தகர டப்பாவுக்குள் யாரையோ பூட்டிவிட்ட மாதிரி இருக்கும். நாலாவது கிட்டாரும் எதிரொலியுமாகக் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அக்காவிடம் சொன்னேன். "உன் வேலையைப் பாரு," என்றாள். என் வேலையே கேட்பதுதான் என்பது அவளுக்கு எப்போதுமே மறந்துவிடும்.

எங்கள் வீட்டில் 'சும்மா' என்பது ஒரு தொழில் சொல். நிஜமாகப் பதிவு செய்வதற்கு முன்னால், தாளமும் கட்டையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை பாடுவாள். "இது சும்மா," என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவாள். நான் அதையும் பதிவு செய்து 'சும்மா' என்ற ஃபோல்டரில் போட்டு வைப்பேன். பாட்டு முடிந்ததும் அழித்துவிடுவேன்.

பத்தாவது பாட்டின் சும்மா ஒரு மத்தியானம் நடந்தது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கையில் டீ டம்ளரோடு பாடினாள். மகள் போட்ட தாளம், மடியில் கழற்றி வைத்த ஹெட்போனிலிருந்து டிச் டிச்சென்று கசிந்துகொண்டிருந்தது. கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், சுருதி பார்க்கிற சாக்கில் கூடவே மீட்ட ஆரம்பித்தார். அவள் தொண்டைக்கு எது வசதியோ அந்தக் கட்டையில் பாடினாள். நான் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் கழித்து அதே பாட்டை 'நிஜமாக', பழைய கட்டையில், கழுத்து நரம்பு புடைக்க இருபத்து மூன்று தடவை பாடினாள். அதை ஒட்டுப்போட்டு, இழுத்து, மெருகேற்றி 'பத்து' என்ற ஃபோல்டரில் வைத்தேன். அந்தச் சும்மாவை மட்டும் அழிக்க மனசு வரவில்லை.

இனி என் தப்பு. கம்பெனி அவசரப்படுத்தியது. நானும் பொறுக்கி எடுக்க நேரமில்லாமல் டிஸ்கில் இருந்த மொத்தத்தையும் அனுப்பிவிட்டேன். பாட்டுகளின் பெயரை அக்கா போனில் சொல்லிவிடுவாள், பெயரைப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

கம்பெனியில் பட்டியல் போடுகிறவர் கூப்பிட்டபோது அக்கா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது பெயரைச் சொல்லி முடித்தாள்.

"பத்தாவது பாட்டுக்குப் பேர் என்னங்க மேடம்?"

"அதுக்கு இன்னும் பேரு வெக்கலைங்க. சும்மா போட்டு வைங்க, அப்புறம் பார்த்துக்கலாம்."

"சும்மா... சரிங்க மேடம். நல்லா இருக்குங்க."

நல்லா இருக்காம்! எது நல்லா இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சாயம் அவள் கண்ணில் வழிந்துவிட்டது, நான் துண்டைத் தேடி ஓடினேன். அந்த மனிதர் ஒழுங்காக 'சும்மா' என்று எழுதி, டிஸ்கில் தேடியிருக்கிறார். அதே பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரே ஒரு பாட்டு. அவர்மேல் குற்றம் சொல்ல முடியுமா?

வெளியீட்டு நாள் காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்து கேட்டோம். ஒன்பது பாட்டு ஓடியது. பத்தாவது தொடங்கியதும் ஒரு ஸ்டூல் கிறீச்சிட்டது. டம்ளர் வைக்கிற சத்தம். ஒரு செருமல். அப்புறம் அக்காவின் குரல், துணி எதுவும் போர்த்தாமல், அப்படியே.

வர்றதுன்னா வா, கதவு திறந்துதான் கிடக்கு...

இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

"இது என்னடி?"

"அக்கா..."

"இது எப்படிடி வெளிய போச்சு? ஊரு பூரா கேட்டுட்டிருக்குமே இந்நேரம்!"

போனை எடுத்துக் கம்பெனி மேனேஜரைப் பிடித்தாள். தாடிக்காரர், சாதாரணமாகவே வார்த்தைகளை மென்று பேசுகிறவர். அன்றைக்கு விழுங்கவே விழுங்கினார். பாட்டை மாற்றலாம், ஆனால் நாளை மத்தியானம் ஆகும், இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கே விழா வேறு இருக்கிறது, எண்ணூறு பேர் வருகிறார்கள் என்றார். விழாவுக்கு ஏற்கெனவே ஏற்பாடு பண்ணியிருந்தோம். பதிவான பாட்டை நான் ஓடவிடுவேன், அவள் மைக் முன்னால் நின்று உதட்டை அசைப்பாள். அவ்வளவுதான்.

அக்கா போனை மேஜைமேல் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். "நான் வரலை. பாட்டும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். எல்லாம் போச்சு!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்திரண்டு வருடம் பாடியவளை ஒரு டிஸ்கால் நிறுத்தி வைத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை. நல்ல மனிதர், பேசியிருந்தால் அவருக்கும் விழுந்திருக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து மகள் போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "சித்தி, இதைப் படிங்க. சத்தமா படிங்க, அம்மாவுக்குக் கேக்கணும்."

அது ஒரு விமர்சனம். யார் முகத்துக்காகவும் எழுதாத ஆள் எழுதியது. கதவைப் பார்த்துப் படித்தேன். "இந்த ஆல்பத்தில் கிட்டார் ஒருபக்கம் இழுக்கிறது, மிஷின் ஒருபக்கம் இழுக்கிறது. மூன்றாவது பாட்டில் எனக்குப் பல் கூசியது. ஒன்பது பாட்டில் யாரோ ஒருவர் சிட்டு மாதிரி நடித்திருக்கிறார். பத்தாவதில் கிட்டாரும் மிஷினும் சண்டையை நிறுத்திவிட்டு ஒன்றாக உட்காருகின்றன. அங்கே ஒரு பெண் வந்து பாடுகிறார். அம்மா, இந்தக் குரலை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?"

மகள் கீழே இருந்த மற்றவற்றைப் படித்தாள். யாரோ ஒரு பஸ் ஓட்டுநர் அந்தப் பாட்டை மட்டும் ஏழு தடவை கேட்டாராம். தொண்டையில் ஆபரேஷன் ஆன ஒரு டீச்சர், "நானும் நாளையிலிருந்து வகுப்பில் வாய்விட்டுப் பேசப்போகிறேன்," என்று எழுதியிருந்தாள்.

கதவு திறந்தது. கண்ணெல்லாம் சிவந்து, தலை கலைந்து அக்கா நின்றாள்.

"மூணாவது பாட்டு பல்லு கூசும்னு நான் அப்பவே சொன்னேன் இல்ல?"

"நீ எங்க சொன்னே? நான்தான் சொன்னேன்!"

"யாரோ சொன்னோம். விடு." கட்டிலில் உட்கார்ந்தாள். "எனக்கு பயமா இருக்குடி. வீட்டுல டீயைக் குடிச்சுக்கிட்டு சும்மா பாடினது வேற. அத்தனை பேர் முன்னால அப்படிப் பாட வருமா? தெரியலை."

"வந்து பாரு. வரலைன்னா நான் டேப்பைப் போட்டுடறேன். யாருக்கும் தெரியாது."

நாலு மணிக்கு அரங்கத்தில் ஒரு நாற்காலி காலியில்லை. பின்வரிசைக்கும் பின்னால் மிக்ஸர் மேஜையில் நான். பக்கத்தில் தாடிக்காரர் தாடியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். முதல் மூன்று பாட்டுக்கு அவள் உதட்டை அசைத்தாள். ஜனங்கள் கை தட்டினார்கள். மரியாதைக்குத் தட்டுகிற கை எப்படிச் சத்தம் போடும் என்று முப்பது வருடமாகக் கேட்கிறவளுக்குத் தெரியாதா? மூன்றாவது பாட்டில் முன்வரிசையில் ஒருவர் போனை நோண்ட ஆரம்பித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நாலாவதுக்கு நான் விரலைக் கொண்டுபோனபோது அக்கா கையைத் தூக்கினாள். ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். மேடையில் இருபக்கமும் இருந்த மாடியறைக்காரியையும் கீழறைக்காரரையும் பார்த்துத் தலையை ஆட்டினாள். இடதுபக்கம் மகள் தாளத்தைத் தட்டினாள். வலதுபக்கம் என் வீட்டுக்காரர் மீட்டினார். ஒரு மேடையில் ஒரே பாட்டுக்கு இரண்டு பேரும் வாசிப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே வாசித்தார்கள், ஆனால் ஒரு மயிரிழை பிசகவில்லை.

அக்கா அந்தப் பத்தாவது பாட்டைப் பாடினாள். தடித்த, தாழ்ந்த, உண்மையான குரல். முன்வரிசைக்காரர் போனை மடியில் கவிழ்த்தார். இரண்டாவது வரி வந்தது. உடைந்தது. வீட்டில் உடைந்ததைவிட மோசமாக, பாதி வார்த்தை காற்றாகப் போனது. அக்கா நிறுத்திவிட்டாள்.

எண்ணூறு பேர் இருந்த இடத்தில் மின்விசிறி சத்தம் கேட்டது. "டேப், டேப்பைப் போடுங்க," என்று தாடிக்காரர் என் காதில் பதறினார். என் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

"தொட்டே, கையை உடைச்சிடுவேன்!"

மைக்கிலேயே சொன்னாள், அவ்வளவு தூரத்திலிருந்து என்னைப் பார்த்து. அரங்கமே திரும்பி என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து பேசினாள். "மூணு வருஷம் முன்னால தொண்டையில ஆபரேஷன். பழைய குரல் போயிடுச்சுங்க. முன்னாடி பாடின மூணு பாட்டும் டேப்பு. மன்னிச்சுக்குங்க. இப்ப என்கிட்ட இருக்கிறது இதுதான்."

அதே இரண்டாவது வரியை மறுபடி எடுத்தாள். அதே இடத்தில் குரல் உடைந்தது. இந்தத் தடவை அவள் நிற்கவில்லை. உடைந்த குரலைப் பிடித்துக்கொண்டே அடுத்த வரிக்குள் நுழைந்தாள், அதற்கடுத்த வரியில் அதை உயர்த்தினாள். சரணத்துக்கு வந்தபோது பின்வரிசைகள் எழுந்து நின்றுவிட்டன. எனக்கு மேடை மறைத்தது. நான் நாற்காலிமேல் ஏறி நின்று ஓவென்று அழுதேன். தாடிக்காரரும் அழுதார். பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டல் ஓயவே இல்லை. அது மரியாதைக்குத் தட்டியது இல்லை. எனக்குத் தெரியும்.

மீதி ஆறு பாட்டையும் அந்தக் கட்டையிலேயே பாடித் தீர்த்துவிட்டுத்தான் இறங்கினாள். நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினேன். பெட்டிமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை.

"எப்படிடி இருந்துச்சு?"

"ரெண்டாவது வரியில உடைஞ்சுது."

"அது தெரியும். நல்லா உடைஞ்சுதா?"

"ரொம்ப நல்லா உடைஞ்சுது, அக்கா."