கீழ்க்கட்டளைப் பையன்களின் எடை

1986ஆம் வருடம் ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கீழ்க்கட்டளை கல் குவாரியின் எடை மேடையில் லாரி டிரைவர் சிட்டிபாபு முந்நூற்றுப் பத்து கிலோ இருந்தான். ஆள் ஒல்லி. பெல்ட்டில் ஆணியால் குத்தி மூன்று ஓட்டை கூடுதலாகப் போட்டிருந்தான். குவாரியில் ஒரு வழக்கம் உண்டு. லாரியை முதலில் காலியாக நிறுத்தி எடை போடுவார்கள், பிறகு ஜல்லி ஏற்றிக்கொண்டு வந்து எடை போடுவார்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் காசு. இரண்டு தடவையும் டிரைவர் கீழே இறங்கிவிட வேண்டும். அன்று காலி எடையின்போது சிட்டிபாபு ஏதோ யோசனையில் இறங்க மறந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். முந்தின நாளைவிடக் காலி லாரி முந்நூறு கிலோவுக்கு மேல் கூடியிருப்பதைப் பார்த்த முதலாளி, கேபினுக்குள் கல்லை ஒளித்துவைத்து ஏமாற்றப் பார்க்கிறான் என்று குதித்தார். சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள், டூல் பெட்டியைக் கவிழ்த்தார்கள், ஒரு சாப்பாட்டுத் தூக்கும் பழைய காலண்டரும்தான் கிடைத்தன. சிட்டிபாபு இறங்கியதும் முள் பழைய இடத்துக்குப் போய் நின்றது. “முதலாளி, நான் இன்னா கல்ல துன்னுட்டனா?” என்று கேட்டான். யாருக்கும் பதில் தெரியவில்லை.

பதில் பாதி தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். மேடைக்குப் பக்கத்துத் தகர ஷெட்டில் உட்கார்ந்து எடைச் சீட்டு எழுதும் தபீதாள். அப்போது அவளுக்கு முப்பத்துநாலு வயது. தாயும் தகப்பனும் போனபின் தம்பி யேசுதாசனை அவள்தான் ஆளாக்கினாள். இருபத்திரண்டு வயதான அந்தத் தம்பி ஒரு வருடமாக வீட்டில் நடந்தால் பாத்திரம் உருண்டது. படுத்தால் கட்டில் கால் சிமெண்ட் தரைக்குள் இறங்கியது. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசி மாதக்கணக்காயிற்று. அதற்கு முந்தின கோடையில்தான் அவனுடைய சிநேகிதன் குப்புராஜ் குவாரித் தண்ணீரில் போனான். குப்புராஜுக்கு நன்றாக நீச்சல் தெரியும். இருந்தும் மிதக்காமல் ஜல்லி மூட்டை மாதிரி நேராகக் கீழே போனான், மேலே எடுக்க கிரேன் வேண்டியிருந்தது. ஊர் அதை விதி என்றது. தபீதாளுக்கு விதி என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் சாப்பாட்டு நேரத்தில் சிட்டிபாபுவைத் தனியாக மேடையில் ஏற்றி நிறுத்தினாள். முந்நூற்றுப் பத்து. இறங்கி ஷெட்டுக்குள் வந்து உட்கார்ந்தவன், அவள் ஒன்றும் கேட்காமலே, நிலத்தை பிளாட் போடக் கொடுத்த நாளிலிருந்து அப்பா தன் முகத்தையே பார்ப்பதில்லை என்றும், விற்கச் சொல்லி நச்சரித்தது தான்தான் என்றும் சொன்னான். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினான். திரும்ப மேடையில் ஏறினான். இருநூற்று அறுபது.

அந்த மாதத்துக்குள் பதினெட்டிலிருந்து இருபத்தெட்டு வயது வரை நாற்பத்துமூன்று பையன்களை அவள் நிறுத்துவிட்டாள். நூற்றைம்பதுக்குக் குறைந்தவன் ஒருவனும் இல்லை. அந்த மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும், அதனால் சின்னத் துக்கங்கள் கணக்கில் வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். யேசுதாசன் ஐந்நூற்று நாற்பது. தபீதாள் அந்த எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். குப்புராஜை எவனும் நிறுத்துப் பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தால் எத்தனை காட்டியிருக்கும் என்று அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள். தம்பியும் தண்ணீருக்குப் போவதற்குள் இது என்ன என்று கண்டுபிடித்தாக வேண்டும், அதுவும் முறையாக, பேசுவதற்கு முன் ஒரு எடை, பேசியபின் ஒரு எடை என்று. கேள்வி கேட்பதும் பையன்களே. எந்தப் பெரிய மனிதரும் கூட இருக்கக் கூடாது. சொன்னதை எழுதக் கூடாது, எடையை மட்டும்தான் எழுத வேண்டும். இதற்கு முதலாளி மேடை வாடகை கேட்டார், பையன்கள் கூலி விட்டு வர வேண்டியிருந்தது. ஆகவே பட்டணத்தில் இருந்த ஒரு அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டாள். அதன் பெயரை எழுதி அதற்கு விளம்பரம் தேடித் தர இந்தக் கதைக்கு இஷ்டமில்லை.

ஏழு மாதம் கழித்து அங்கிருந்து வைத்தீஸ்வரன் என்ற அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர்தான், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் ஷெட்டுக்குள் வந்தார். விண்ணப்பத்தில் டீ, பன் என்று எழுதியிருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். “டீ இல்லாம எவன் சார் பேசுவான்?” என்றாள் தபீதாள். அது மட்டும் பிரச்சினை இல்லை என்று அவர் விளக்கினார். அவர்களுடைய விண்ணப்பப் பாரத்தில் பெண்கள், குழந்தைகள், முதியோர், கறவை மாடு என்று நாலு கட்டம்தான் உண்டாம். வாலிபர்களுக்குக் கட்டம் கிடையாது. “எமோஷனல் ஹெல்த்னு போட்டா மேல ஒத்துக்க மாட்டாங்க மேடம். நியூட்ரிஷன்னு மாத்திக்கலாமா? அப்புறம், இன்டர்வியூ எங்க ஸ்டாஃப்தான் எடுப்பாங்க. யூத்துக்குன்னா கேரம் போர்டு உடனே சாங்ஷன் பண்ணிடலாம்.” தபீதாள் எழுந்து நின்றாள். “கேரம் போர்டு வேணாம் சார். எங்க பசங்க கைய வச்சா ஒடஞ்சிடும். இது சாப்பாட்டால வந்த எடை இல்ல, அத மாத்தி எழுதிக் குடுக்க நான் ஆள் இல்ல. எங்க பசங்கள எங்க பசங்கதான் கேப்பாங்க.” வைத்தீஸ்வரன் பாரத்தை மடித்துக்கொண்டு போனார். ஊரில் பாதிப் பேர் வந்த லட்சுமியைத் துரத்திவிட்டாள் என்று அவளைத் திட்டினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பணம் கடைசியில் எடையிலிருந்தே வந்தது. 1988இல் கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் வரை ரோடு போட எடுத்திருந்த கான்ட்ராக்டர் துரையின் ரோலர் முதல் வாரமே படுத்துவிட்டது. ஜல்லியைக் கொட்டிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர், யேசுதாசன் அந்தப் பக்கமாக நடந்து போனதையும், அவன் மிதித்த இடமெல்லாம் ஜல்லி அமுங்கிக் கெட்டியானதையும் பார்த்தார். மறுநாளே தபீதாளிடம் வந்து பேசினார். ரோலருக்கு என்ன நாள் வாடகையோ அதைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. பையன்கள் தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நடந்தார்கள். ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே. நடக்கும்போது பக்கத்தில் இருப்பவனிடம் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தயார் செய்தது சிட்டிபாபு: “இன்னாடா, சொல்லாம வச்சினுகீற?” காலையில் ஒரு எடை, சாயங்காலம் ஒரு எடை. குப்புராஜின் அம்மா கங்கம்மா தூக்கில் டீயும் கூடையில் பன்னும் கொண்டுவந்து கொடுத்தாள். யாருடைய சிவப்பு மையும் அதன்மேல் படவில்லை. முதல் இரண்டு கிலோமீட்டர் ரோடு அப்படி அமைந்தது, கடப்பாரை போட்டாலும் இறங்காது.

மூன்றாவது கிலோமீட்டரில் ஜல்லி ஆட ஆரம்பித்தது. பத்தாம் வகுப்பில் மூன்று முறை தவறியவன், வேலைக்குப் பதிந்துவிட்டு ஆறு வருடமாகத் தபால்காரரைப் பார்த்து ஒளிந்தவன், மடிப்பாக்கத்துப் பெண்ணிடம் கடைசிவரை ஒன்றும் சொல்லாமல் அவள் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டியவன் எல்லோரும் சொல்லிச் சொல்லி எண்பது, எழுபது என்று இறங்கிவிட்டார்கள். துரை கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கு ரோடு முடிய வேண்டும். “கொஞ்ச நாளைக்கு எதுவும் கேக்கச் சொல்லாதம்மா. சோகமா நடக்கட்டும், வாடகைய டபுள் பண்ணித் தரேன்” என்றார். அந்தப் பணம் வந்தால் பம்மல், அனகாபுத்தூர் பையன்களையும் நிறுக்கலாம். தபீதாள் யோசிக்க ஒரு ராத்திரிகூட எடுத்துக்கொள்ளவில்லை. “அவனுங்க துக்கத்த வாடகைக்கு வுட சொல்றியா? காச நீயே வச்சிக்க. நாளைக்கும் கேப்பானுங்க” என்றாள். சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் போய் அழுதாள். பணம் நிற்கும் என்பதற்காக அவள் அழவில்லை. அத்தனை பேரும் இறங்கியும் யேசுதாசன் மட்டும் அதே ஐந்நூற்று நாற்பதில் நின்றான். துரைக்கு இனி அவன் ஒருவன்தான் ரோலர். கடைசி முக்கால் கிலோமீட்டரை அவனைத் தனியாகவே நடக்கவிட்டு முடித்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார்.

அவனைத் தனியாக நடக்கவிட மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. எடை இல்லாத கால்களோடு, கூலியும் இல்லாமல், நாற்பத்திரண்டு பேரும் பக்கத்தில் நடந்தார்கள். பங்குனி வெயிலில் நாலாவது நாள் மத்தியானம் சிட்டிபாபு ஆயிரமாவது தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டபோது யேசுதாசன் நின்றான். முழங்கால் வரை ஜல்லியில் இறங்கியிருந்தான். எதிரே கங்கம்மா டீத் தூக்கோடு நின்றாள். “குப்பு தண்ணிலேர்ந்து கைய ஆட்னான். வெளாடறான்னு நெனச்சேன். நான் சிரிச்சினே நின்னேன்” என்றான். அவ்வளவுதான் சொன்னான். கங்கம்மா தூக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே ஜல்லிமேல் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு அவன் காலைச் சுற்றியிருந்த கல்லைக் கையால் தோண்டி எடுத்தாள். “ஏண்டா, இத நீ ஒருத்தனே தூக்கினு திரிஞ்சியா? எங்கிட்ட பாதி குடுத்திருக்கக் கூடாதா?” என்றாள். அன்று சாயங்காலம் தபீதாள் அவனை நிறுத்தபோது மேடை அறுபது காட்டியது. அவள் அதை எழுதவில்லை. மேடையில் ஏறித் தம்பியைக் கட்டிக்கொண்டாள்.

துரை மறுநாள் வந்து கத்தினார். ரோடு இறுகவில்லை, மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்றார். “எங்க பசங்க இனிமே அந்த வேலைக்கு ஆவ மாட்டாங்கன்னு சொல்லு” என்றாள் தபீதாள். பையன்கள் எடை இறங்கிய செய்தி கேட்டு 1992இல் வைத்தீஸ்வரன் திரும்பி வந்தார். அறிக்கை கேட்டார். தபீதாள் அவரை ரோட்டில் கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் வரை நடத்திக் கூட்டிப்போனாள். கால் புதைகிற இடம் வந்ததும் அவர் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அடுத்த வருடப் பாரத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் அச்சாகியிருந்தது. டீ, பன் வரியை யாரும் அடிக்கவில்லை. அனகாபுத்தூரில் எடை போடத் தொடங்கினார்கள்.

அந்த முக்கால் கிலோமீட்டர் மட்டும் இறுகவே இல்லை. நிஜ ரோலர் மூன்று முறை வந்து ஓடிவிட்டுப் போயிற்று, முதல் மழைக்கே பள்ளம். பல்லாவரத்திலிருந்து வரும் பஸ் அங்கே ஆளைத் தூக்கிப் போடும். மேடவாக்கத்துக்காரர்கள் பஞ்சாயத்தைத் திட்டுவார்கள், மனு எழுதுவார்கள். கீழ்க்கட்டளைப் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் குலுங்குவார்கள். விவரம் தெரியாத புது டிரைவர் யாராவது அங்கே பிரேக்கை மிதித்தால், முன்சீட்டிலிருந்து கங்கம்மா குரல் கொடுப்பாள்: “மெதுவா போவ வேணாம்பா. குலுங்கட்டும்.”