அடிவரிசைப் பீப்பாய்

வடகடலின் பனிக்கட்டி ஓரத்தில் கரும்புகை தெரிந்தால் திமிங்கல வேட்டைக்காரனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். யாரோ ஒரு புண்ணியவான் திமிங்கலத்தைப் பிடித்துவிட்டான், மேல்தளத்து அடுப்பில் கொழுப்பைக் காய்ச்சுகிறான், அங்கே போனால் நமக்கும் ஒன்று கிடைக்கும் என்று கணக்குப் போடுவான். அந்தப் புகையைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று எந்தப் பைத்தியக்காரனுக்குத் தோன்றும்?

கெசையாவுக்கும் தோன்றவில்லை. கேப்டன் ஓபேத்தின் மனைவி அவள். அமெரிக்காவின் வடபகுதியில், நியூ பெட்ஃபோர்டில் வீட்டைப் பூட்டிவிட்டு, 'பேஷன்ஸ்' என்ற இந்தக் கப்பலில் புருஷனோடு ஏறி மூன்று வருஷமாகிறது. இன்னொரு பெண்ணின் முகத்தைப் பார்த்தே மாதக்கணக்காயிற்று. அவள் சிநேகிதி ஃபீபியும் ஒரு கேப்டனின் மனைவிதான். குழந்தைகளோடு தன் புருஷனின் கப்பலில் இதே கடலில்தான் எங்கோ இருந்தாள். நடுக்கடலில் இரண்டு வேட்டைக் கப்பல்கள் சந்தித்தால் பாயை இறக்கிவிட்டு, படகு போட்டு, ஒருவர் கப்பலுக்கு ஒருவர் விருந்துக்குப் போவது இவர்கள் வழக்கம். ஃபீபியின் மடியில் விழுந்து ஒரு பாட்டம் அழுதுவிட வேண்டும் என்று கெசையா காத்துக்கிடந்தாள்.

போன குளிர்காலத்தில் அவள் மகள் திர்சா காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வயது. மீனுக்குப் போடவா பெற்றேன் என்று கெசையா பிள்ளையை விடவே இல்லை. ஊருக்குக் கொண்டுபோய், தேவாலயத்துக்குப் பின்னால் மண்ணில் வைக்க வேண்டும், ஒரு கல் நட வேண்டும். வேறெதுவும் கேட்கவில்லை அவள். உடல் அழுகாமலிருக்க ஓபேத் சாராயம் நிரப்பிய பீப்பாயில் குழந்தையை வைத்துத் தம் கையாலேயே மூடினார்.

ஆனால் பிணம் இருக்கிற கப்பலுக்குத் திமிங்கலம் சிக்காது, காற்றும் துணை வராது என்பது மாலுமிகளின் நம்பிக்கை. தெரிந்தால் அடுத்த துறைமுகத்தில் பாதிப் பேர் இறங்கி ஓடிவிடுவார்கள். அதனால் ஓபேத் பாய்த்துணியில் இரும்பைச் சுற்றி, அதுதான் பிள்ளை என்று ஜெபம் சொல்லி, எல்லோரும் பார்க்கக் கடலில் விட்டார். பீப்பாயைக் கெட்டுப்போன தார் என்று சொல்லி, மாலுமிகளைக் கொண்டே கப்பலின் அடித்தளத்தில் அடிவரிசையில் அடுக்கச் செய்தார். அதன்மேல் எண்ணெய்ப் பீப்பாய்கள் வரிசை வரிசையாக ஏறின.

அன்று புகையைக் கண்டதும் கெசையாதான் நச்சரித்தாள். "என்னங்க, அது ஃபீபியாத்தான் இருக்கும். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வருவமே." ஓபேத்துக்குப் பனி ஓரமாகவே போக ஆசை. அவள் முகத்துக்காகக் கப்பலைத் திருப்பினார். வலிய வந்து வலையில் விழுவது என்பார்களே, அதுதான் நடந்தது.

கிட்டே போனால் ருஷ்யக் கொடியோடு ஒரு கரிய கப்பல் நின்றது. விருந்துக்கென்று ஓபேத் புது ரொட்டியோடு படகை இறக்கச் சொன்னார். படகு தண்ணீரைத் தொடுவதற்குள் அந்தக் கொடி இறங்கித் தெற்கத்திக்காரர்களின் கொடி ஏறியது. பீரங்கி வாய்கள் திறந்தன. அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் நடக்கிற உள்நாட்டுப் போர் இந்தப் பனிக்கட்டி வரைக்குமா வரும்! அந்தக் கப்பலுக்குப் பின்னால், கொழுப்பு அல்ல, ஒரு வேட்டைக் கப்பலே முழுசாக எரிந்துகொண்டிருந்தது.

ஏறி வந்த அதிகாரி சின்ன வயசுக்காரன், மரியாதை தெரிந்தவன். ஆளுக்கு ஒரு பை எடுத்துக்கொண்டு இறங்கலாம், கப்பலைக் கொளுத்தப் போகிறோம் என்றான். போர் முடிந்துவிட்டதாகத் துறைமுகத்தில் பேசிக்கொண்டார்களே என்று ஓபேத் வாதாடினார். பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டான். இல்லை. வாய்ப்பேச்சை நம்பி என்ன செய்வது என்று கையை விரித்தான்.

கெசையா எந்தப் பையையும் எடுக்கவில்லை. அவன் முன்னால் போய் நின்று, மாலுமிகள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"கீழ ஒரு பீப்பாய்ல எம் பொண்ணு இருக்கா. அத மட்டும் குடுத்துடுங்க. கப்பல என்ன வேணா பண்ணிக்குங்க."

அதிகாரி தொப்பியைக் கழற்றினான். எங்கே என்று கேட்டு, அடித்தளத்துக்குள் எட்டிப் பார்த்தான். மேலே இருப்பதையெல்லாம் எடுக்க எவ்வளவு நேரமாகும் என்றான். இரண்டு நாள் என்றார் ஓபேத். பொய் சொல்லத் தெம்பில்லை அவருக்கு.

"எனக்கு ஒரு மணி நேரங்கூட இல்லீங்கம்மா" என்றான் அவன். அவன் கண் கலங்கியிருந்தது. கலங்கி என்ன பிரயோசனம்?

முதலில் இறங்கியவன் ஈட்டி எறிகிற ஜசிந்து, அசோர்ஸ் தீவுக்காரன். சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே குதித்தான். பின்னாலேயே எல்லோரும் இறங்கினார்கள். பிணம் என்றால் ஓடிவிடுவார்கள் என்று எவர்களுக்குப் பயந்து மறைத்தார்களோ, அவர்கள்தான் கயிறு போட்டு, தோள் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பீப்பாய்களை ஏற்றினார்கள். ஒரு வரிசைகூட முடியவில்லை. அதற்குள் அதிகாரியின் ஆட்கள் துப்பாக்கியைக் காட்டி அவர்களை மேலே வரவழைத்தார்கள்.

ஜசிந்துவின் உள்ளங்கைகள் தோலுரிந்திருந்தன. கெசையாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"சொல்லியிருக்கலாமேம்மா. மேலயே வச்சிருப்பமே. தாருன்னு நெனச்சு, திட்டிக்கிட்டே உருட்டுனோம். நான் செதுக்கிக் குடுத்த பொம்மைய வச்சு வெளையாடுன புள்ள. அவளப் பாத்தா நாங்க பயப்படப் போறோம்?"

எல்லோரையும் எதிரிக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள்.

கெசையா அதன் ஓரத்தில் நின்று, தங்கள் கப்பலுக்குத் தீ வைப்பதைப் பார்த்தாள். எண்ணெய் ஊறிய மரம், சட்டென்று பிடித்துக்கொண்டது. புகை கறுகறுவென்று எழுந்தது. அதில் எது திர்சா என்று தேடினாள், பெற்றவள்.

அப்போதுதான் தூரத்தில் ஒரு பாய் தெரிந்தது. புகையைப் பார்த்து நேராக இங்கேதான் வந்தது. கொஞ்சம் நெருங்கியதும் அதன் பக்கவாட்டில் நீலப் பட்டை தெரிந்தது. ஃபீபியின் கப்பல்.

கெசையா சால்வையை உருவி, வராதே வராதே என்று வீசினாள். ஓபேத் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டாத கெசையா. விருந்துக்குக் கூப்புடுறோம்னு இன்னும் வேகமா வருவாங்க."

கையை இறக்கினாள். அங்கே அவசரமாக இன்னொரு பாயையும் விரித்தார்கள்.