கிடா கறந்த பால்

என்னிடம் இருந்தது ஒரே ஓர் ஆடு. அதுவும் கிடா. அப்படிப்பட்டவன் விடியற்காலையில் நுரை தளும்பும் பால் வாளியோடு பிரபுவின் காரியக்காரர் எதிரில் போய் நிற்பானா? நான் நின்றேன்.

ரனுல்ஃப் குதிரையை நிறுத்தினார். வாளியைப் பார்த்தார். வாசலில் கட்டியிருந்த கிடாவைப் பார்த்தார்.

“என்னடா ஹேமோ, உன் கிடா கறக்க ஆரம்பிச்சுடுச்சா?”

“எல்லாம் ஆண்டவர் கிருபைங்க” என்றேன். என் வாய் அப்படி.

சிரித்துக்கொண்டே இறங்கியவர் நேராக என் கொட்டகைக்குப் பின்னால் போனார். அங்கே செவலை அசைபோட்டுக்கொண்டு நின்றது.

செவலை என்னுடையதில்லை. பக்கத்து வீட்டுக் குனில்டாவின் பசு. அவள் புருஷன் ஆஸ்பர்ட் செத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் குடியானவன் கண்ணை மூடினால் வீட்டில் இருப்பதிலேயே நல்ல மாடு பிரபுவுக்கு. அதற்கு அடுத்தது கோயில் பாதிரியார் சாமிக்கு. மிச்சமிருந்தால் பிள்ளைகளுக்கு. ஆஸ்பர்ட் விட்டுப்போனது செவலை, அதன் கன்று, ஒற்றைக்கண் கிழட்டுப் பசு, ஒரு பன்றி, மூன்று சின்னஞ்சிறுசுகள். கிழட்டுப் பசுவைப் பிரபுவுக்கும் பன்றியைச் சாமிக்கும் காட்டிவிட்டு, செவலையைப் பிள்ளைகளுக்குக் காப்பாற்றிவிடலாம் என்பது குனில்டாவின் திட்டம். அதுவரை செவலை என் கொட்டகையில்.

“இருட்டினதும் நானே வந்து கறந்துக்கறேண்ணே. நீங்க வாயை மட்டும் மூடிக்கிட்டு இருங்க, போதும்” என்று சொல்லியிருந்தாள்.

வாயைத்தான் சொன்னாள், கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மடி கனத்து மாடு வேதனைப்படுகிறதே என்று இரக்கப்பட்டுக் கறந்ததாக இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த இரக்கத்தில் ஒரு குவளை என் வயிற்றுக்குள் போனது. மீதியைக் கொடுத்து ஒரு குடுவை பார்லி பீர் வாங்கத்தான் தெருவுக்கு வந்தேன்.

செவலை பிரபுவின் பண்ணை வீட்டுக்குப் போயிற்று. மத்தியானமே சாமியின் ஆள் கயிற்றோடு வந்து ஒற்றைக்கண்ணை ஓட்டிப்போனான். கன்றும் பன்றியும் மிஞ்சின. பன்றியைக் கறக்க முடியாது. நான்கூட முயலமாட்டேன்.

குனில்டா பிரபுவின் வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அது சம்பளமில்லாத முறைவேலை நாள். அவளிடம் ஓடினேன்.

“செவலை கத்திடுச்சு தங்கச்சி. அவர் காதுல விழுந்துடுச்சு.”

என் முகத்தையே பார்த்தாள். “வாயில்லா ஜீவனைக் குத்தம் சொல்லி என்னண்ணே” என்று திரும்பக் குனிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, சாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன்.

“மாட்டை ஒளிச்சதுதான்டா பாவம்” என்றார் சாமி. “மத்தது... ம்... தானா நடந்தது.”

“பாலைத் திருடினேனே சாமி?”

“எவ்வளவு?”

“ஒரு வாளி.”

“மூணு ஜெபம் சொல்லிட்டுப் போ.”

வெளியே வந்தால், அவர் தொழுவத்திலிருந்து கிழட்டுப் பசு என்னையே பார்த்தது. தெரிகிற கண்ணால்தான்.

மூன்று ஜெபத்தில் தீரவில்லை. தினமும் குனில்டாவின் கன்றுக்குப் புல் அறுத்துப் போட்டேன். அவள் கூரைக்கு வைக்கோல் வேய்ந்தேன், அவள் முறைவேலையையும் நானே செய்தேன். கடைக்குட்டி ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, “செவலை எப்ப வரும் மாமா?” என்று கேட்கும். ஊரையே சிரிக்கவைக்கிற நான், அரிவாளை எடுத்துக்கொண்டு இன்னொரு கட்டுப் புல் அறுக்கப் போய்விடுவேன்.

“எம்மேல கோபமா தங்கச்சி?” என்று குனில்டாவைக் கேட்பேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. புல்லை அங்க போடுங்க.”

இப்படியே கோடை போயிற்று. புனித மிக்கேல் திருநாளன்று மனசு கேட்காமல், என் ஒரே சொத்தான கிடாவை அவள் வாசலுக்கு இழுத்துப் போனேன்.

“இதை நீ வச்சுக்க தங்கச்சி.”

கிடாவை ஏற இறங்கப் பார்த்தாள். “இது நல்லா கறக்குமாமே?”

என் கையிலிருந்து கயிறு நழுவியது.

“ரனுல்ஃப் சொன்னாரா?”

“பண்ணை வீடு பூரா சொல்லிச் சிரிச்சாராம். ஆனா எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். கத்திடுச்சுன்னு சொல்ல ஓடி வந்தீங்களே, அப்ப உங்க மீசையில நுரை காஞ்சு போயிருந்துச்சு.”

“அப்பவே கேட்டிருக்கலாமே?”

“நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்.”

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஒரு குவளையை, பீர் ஆசையை, சாமியின் மூன்று ஜெபத்தை. நடுவில் ஒரு வேடிக்கைப் பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“என்னை மன்னிப்பியா, குனில்டா?”

அவள் கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“மாட்டேண்ணே. இது வளந்து, கன்னு போட்டு, எம் பிள்ளைங்க வயிறு நிறையப் பால் குடிக்கிற அன்னிக்கு வந்து கேளுங்க. அதுவரைக்கும் மாட்டேன். கிடாவை ஓட்டிக்கிட்டுப் போங்க. நாளைக்குப் புல்லு கொண்டாங்க.”