மீட்டர்க்காரர் வீட்டு வால்யூம்

மீட்டர்க்காரர் வீட்டில் மெதுவாகப் பேசுவது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணியோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் யார் எதை முணுமுணுத்தாலும் தெருக்கோடியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குக் கேட்டது.

காரணம், கூடத்தில் இருந்த பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிபையர். மகன் யாரிடமோ செகண்ட் ஹேண்டாக வாங்கியது. கப்பல் வேலைக்குப் போகும்போது அதை அம்மாவின் கட்டிலுக்கு எதிரே வைத்து, கம்பிகளைச் சுவரோரமாக ஆணியடித்துவிட்டுப் போனான். அவன் கடலில் இறந்து பதினோரு மாதங்களாகியிருந்தன. அம்மாவுக்கு அது தெரியாது. அவள் இருதயம் ஒரு அதிர்ச்சியைக்கூடத் தாங்காது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வுபெற்ற கணவரும், அவருடைய அக்காவும், கப்பல் தூரத்தில் இருக்கிறது, போன் எடுக்காது என்றே சொல்லிவந்தார்கள். துக்கம் விசாரிக்க யாராவது வாசலுக்கு வந்தால் கணவர் வால்யூமை ஏற்றுவார். போனதும் இறக்குவார். பதினோரு வருடத்தில் படாத திருகலை அந்தக் குமிழ் பதினோரு மாதத்தில் பட்டது. முதலில் கரகரத்தது. பிறகு இடது ஸ்பீக்கர் போனது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வலதும் அடங்கிவிட்டது. அன்றுதான் நான்கு மணிக்கு, மகனுடைய பெட்டியை ஒப்படைக்க வருவதாகக் கப்பல் கம்பெனி அதிகாரி தகவல் அனுப்பியிருந்தார்.

மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றினார். குமிழை உருவி, நட்டைத் தளர்த்தி, அடியிலிருந்த வால்யூம் கன்ட்ரோலின் ஆறு கால்களின் ஈயத்தையும் ஒவ்வொன்றாகச் சூடேற்றி உறிஞ்சியெடுத்தார். அதைப் பிரித்தபோது உள்ளே குமிழின் முள் உரசும் கருப்புத் தடம் ஒரே இடத்தில் அடிவரை வெளுத்துத் தேய்ந்திருந்தது. பாட்டுக் கேட்கிறவர்கள் கை இப்படிப் போகாதே, இந்த இடத்திலிருந்து யாரையோ பார்த்துப் பயந்து ஏற்றியதுபோல் இருக்கிறதே என்றார். கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். மெக்கானிக்கின் டப்பாவில் அந்த அளவுக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் முதுகில் பி என்று போட்டிருந்தது.

"இதுக்கு ஏ போட்டதுதான் வேணும் சார். அதுதான் காதுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா ஏறும். பி மாட்டினா மெதுவான சத்தமே இருக்காது, தொட்டதும் கத்தும். நாளைக்கு ஏ கொண்டாறேன்."

"எனக்குக் கத்துறதுதான் வேணும். மாட்டுங்க."

"கத்துறதுக்கு நான் ஒருத்தி போதாதாக்கும்" என்றாள் அக்கா.

மூன்றரைக்கு வேலை முடிந்தது. நான்கு மணிக்கு அதிகாரி பெட்டியோடு படியேறினார். கணவர் குமிழை இம்மியளவு திருப்ப, பாட்டு வீட்டை நிறைத்தது. நிம்மதியாக வாசல் நிலைக்குள் நின்றபடி அதிகாரியின் காதருகே குனிந்தார்.

"மெதுவாப் பேசுங்க. புள்ள போனது அவளுக்கு இன்னும் தெரியாது."

அது இரண்டு ஸ்பீக்கரிலும் பாட்டைத் தாண்டி வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி காதைத் துடைத்துக்கொண்டார். அக்கா போய்ப் பாட்டை நிறுத்தினாள். கட்டிலிலிருந்து, ஒரு வருடமாகத் தண்ணீர் கேட்பதற்கே திணறிய குரல், தெளிவாக வந்தது.

"பெட்டியை உள்ள கொண்டாங்க. என் பக்கத்துல வைங்க."

அவள் சாகவில்லை. டாக்டர் நாடியை இரண்டு முறை பார்த்துவிட்டுப் போனார். அவள் வாய்விட்டு அழவுமில்லை. மகனுடைய சட்டை ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல்தான் அழுதாள். அந்த வீட்டில் அது முடியாது என்பதால் தெரு முழுக்க ஒன்பது நாள் அதைக் கேட்டது. முதல் நாள் எல்லோரும் ஜன்னலைச் சாத்தினார்கள். மறுநாள் அது மரியாதையில்லை என்று திறந்துவைத்தார்கள். எதிர்வீட்டுக்காரியின் சமையலைப் பற்றி அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் போய்ச் சேர்ந்தது. இரண்டு வருடம் அந்தப் பக்கத்துப் பேச்சுவார்த்தை அறுந்தது. ஆம்ப்ளிபையருக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று மெக்கானிக்கைக் கேட்டதற்கு, எல்லாம் ஒரே வீட்டுக்குள்தானே இருக்கிறது என்றார்.

பத்தாம் நாள் அவர் ஏ எழுத்து போட்டதைக் கொண்டுவந்து சால்டரிங் அயர்னைச் சூடேற்றினார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இருக்கட்டும் விடுங்க. இந்த வீட்டுல மெதுவாப் பேசினது போதும்."

குமிழை அடியோடு இறக்கினால் வீடு அடங்கும். ஆனால் அப்போது அவள் மூச்சும் கேட்காது. கணவர் அதை ஒருநாளும் இறக்கவில்லை. ஆறு வருடம் கட்டிலருகே உட்கார்ந்து, ஒளித்துவைத்த பதினோரு மாதத்தையும் ஒவ்வொரு நாளாக அவளிடம் சொன்னார். கப்பலிலிருந்து தந்தி வந்த காலையை மட்டும் பலமுறை சொல்லவேண்டியிருந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, அது மீட்டர்க்காரர், பையனைப் பற்றிச் சொல்கிறார் என்று பழையவர்கள் விளக்கினார்கள்.

ஆறாம் வருட முடிவில் ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அம்மா, உதடுகூட அசையாமல், மகனைக் கூப்பிடும் வழக்கப்படி, "தம்பி" என்று கூப்பிட்டாள். அது தெருவைத் தாண்டி, சந்தையைத் தாண்டிப் போனது. பாங்க் காவலாளி "வரேம்மா" என்று எழுந்தார். பஸ் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். சவரக்கடையில் பாதி முகம் சோப்போடு இருந்த அறுபத்திரண்டு வயதுக்காரர் துண்டோடு இறங்கினார். தங்கள் தங்கள் தாயார் அப்படிக் கூப்பிட்டு வளர்த்த நாற்பத்தோரு பேர் வரிசையாக உள்ளே வந்தார்கள். கணவர் வழிவிட்டார். அம்மா ஒவ்வொருவர் கையையும் பிடித்து, வந்துட்டியா என்று கேட்டாள். வந்துட்டேன் என்றார்கள். பன்னிரண்டே காலுக்குக் கடைசி ஆளும் சொல்லி முடித்தபோது அவள் கை தளர்ந்திருந்தது. சாயங்காலம் தூக்கிப் போகையில் நான்கு பேரைத் தேட வேண்டிய அவசியமிருக்கவில்லை. நாற்பத்தோரு பேரும் முறைவைத்துத் தோள் மாற்றிக்கொண்டார்கள்.